பெட்ரோல் பங்கைத் தேர்ந்தெடுத்தலும் அளவின் மீதான ஐயமும்: கீரனூரை முன்வைத்து

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், இரண்டு நகரங்களுக்கும் ஏறத்தாழ நடுவில் அமைந்திருக்கிறது கீரனூர். குளத்தூர் வட்டத்தின் தலைமையிடம் இது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கடைவீதிக்கும் குன்றாண்டார்கோவில், கிள்ளுக்கோட்டை, நார்த்தாமலைப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து போகிறார்கள். கீரனூர்க்காரர்களில் பலர் மாத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் திருச்சிக்கும் நாள்தோறும் வேலைக்குச் செல்கிறார்கள். இந்தப் போக்குவரத்தில் பெரும்பகுதி இருசக்கர வாகனத்தில் நடக்கிறது. ஊருக்குள் இருக்கும் பங்க், நெடுஞ்சாலையில் வழியில் வரும் பங்க், திருச்சி ஓரத்துப் பங்க் என ஒருவருக்கு ஒரே நாளில் பல வாய்ப்புகள் உண்டு. விலை ஏறும் காலத்தில் அவர் எதை வைத்து ஒன்றைத் தேர்கிறார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மலிவான இடத்தைத் தேடிப் போவார் என்பது பொருளியல் தரும் முதல் விடை. ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961இல் எழுதிய தகவலின் பொருளியல் பற்றிய கட்டுரையில் இதை ஒரு கோட்பாடாக்கினார். ஒரே பொருளுக்குக் கடைக்குக் கடை விலை வேறுபடும். தேடுவதால் கிடைக்கும் ஆதாயம் தேடும் செலவுக்குச் சமமாகும் வரை நுகர்வோர் தேடுவார். பெட்ரோல் பற்றிய மேலைநாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் இந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை. ஜெர்மனியில் 2013 முதல் ஒவ்வொரு பங்கும் விலையை மாற்றிய உடனே அரசின் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். ஓட்டுநர் கைபேசியில் பார்த்து மலிவான பங்குக்கு வண்டியைத் திருப்புகிறார். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2001 முதலே மறுநாள் விலையை முன்கூட்டி அறிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆஸ்திரியாவில் பங்குகள் விலையை ஏற்றுவதற்கு நேரக் கட்டுப்பாடு உண்டு.

கீரனூருக்கு இந்த விடை பொருந்தாது. இங்கே தேடுவதற்கு விலை வேறுபாடு இல்லை.

இந்தியாவில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் நாடெங்கும் விலை நாள்தோறும் மாறும் முறை வந்தது. சட்டத்தின் கண்ணில் சுதந்திரமான சந்தை. நடைமுறையில் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் விலை ஒரே ஊரில் சில காசுகளுக்கு மேல் விலகுவதில்லை. கிடங்கிலிருந்து பங்க் இருக்கும் தூரத்தைப் பொறுத்து வண்டிக்கூலி மாறுவதால் ஊருக்கு ஊர் சிறு வேறுபாடு வருகிறது. பங்க் உரிமையாளருக்குக் கிடைப்பது நிறுவனம் நிர்ணயிக்கும் கமிஷன் மட்டுமே. பக்கத்துப் பங்கோடு போட்டி போட்டு விலையைக் குறைக்க அவருக்கு இடமும் இல்லை, வழக்கமும் இல்லை.

நாள்தோறும் மாறுவதாகச் சொல்லப்படும் விலை, நாள்தோறும் மாறுவதும் இல்லை. 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 22 வரை, ஐந்து மாநிலத் தேர்தல் நடந்த காலத்தில், நான்கு மாதங்களுக்கு மேல் நிறுவனங்கள் விலையைத் தொடவில்லை. பிறகு ஏறத்தாழ இரண்டு வாரத்தில் லிட்டருக்குப் பத்து ரூபாய் அளவுக்கு ஏறியது. சென்னையில் 101.40 ரூபாயாக இருந்த பெட்ரோல் ஏப்ரல் 6இல் 110.85 ஆனது. மே மாதம் ஒன்றிய அரசு கலால் வரியை எட்டு ரூபாய் குறைத்த பின் 102.63க்கு இறங்கி, 2024 மார்ச் வரை அங்கேயே நின்றது. விலை ராக்கெட் போல ஏறி இறகு போல இறங்கும் என்று பொருளியலாளர் ராபர்ட் பேக்கன் 1991இல் பிரிட்டன் சந்தையைப் பற்றி எழுதினார். நம் நாட்டில் அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் பங்குகளுக்கு இடையிலான போட்டியைவிட வரியும் தேர்தலும் தீர்மானிக்கின்றன. 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது கலால் வரி ஒன்பது முறை உயர்த்தப்பட்டதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

உண்மையான விலை வேறுபாடு இருக்கும் இடத்தில் தமிழ்நாட்டு ஓட்டுநரும் ஸ்டிக்லர் சொன்னபடியே நடந்துகொள்கிறார். காரைக்கால் இதற்குச் சான்று. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் மதிப்புக்கூட்டு வரி குறைவு. 2021 நவம்பரில் புதுச்சேரி அரசு தன் வரியையும் குறைத்தபோது, தமிழ்நாட்டு விலைக்கும் அங்குள்ள விலைக்கும் லிட்டருக்கு ஏறத்தாழ ஆறு ரூபாய் இடைவெளி விழுந்தது. நாகூரைத் தாண்டி வாஞ்சூர் எல்லையைக் கடந்து டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்புவது நாகப்பட்டினத்துக் கார்க்காரருக்கு அன்றைய கணக்குப்படி சரியான முடிவு: நாற்பது லிட்டருக்கு 240 ரூபாய் மிச்சம். கீரனூர்க்காரருக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. ஐம்பது காசு குறைவு என்று ஐந்து கிலோமீட்டர் சுற்றிப் போனால், லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியிலும் நூறு மில்லி எரிந்துவிடும். இரண்டு லிட்டர் போட்டு ஒரு ரூபாய் மிச்சப்படுத்தப் பத்து ரூபாய் செலவு. இதை எவரும் செய்வதில்லை.

ஆயினும் தேர்வு நடக்கிறது, அதுவும் மிகுந்த பிடிவாதத்தோடு. ‘அந்தப் பங்குல போட்டா மைலேஜ் வருது’, ‘இங்க அளவு கரெக்டா இருக்கும்’, ‘அங்க போட்டா நூறு ரூபாய்க்கு முள் ஏறவே மாட்டேங்குது’ என்ற பேச்சைத் தேநீர்க்கடையிலும் மெக்கானிக் பட்டறையிலும் கேட்கலாம். விலைப்பலகையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. எல்லாப் பேச்சும் இரண்டே பொருளைச் சுற்றி வருகிறது: அளவு, தரம். இக்கட்டுரையின் வாதம் இதிலிருந்து பிறக்கிறது. விலை எங்கும் ஒன்றாக இருக்கும்போது, நுகர்வோர் தேடுவது விலையின் மறுபாதியை, அதாவது அந்தப் பணத்துக்கு டேங்கில் இறங்கும் உண்மையான அளவை. விலை ஏற ஏறக் குறையும் ஒவ்வொரு மில்லியின் மதிப்பும் ஏறுகிறது. ஐயமும் உடன் ஏறுகிறது.

வாங்கிய பின்னும் தரத்தை அறிய முடியாத பண்டங்களைப் பற்றிப் பொருளியலாளர்கள் டார்பியும் கார்னியும் 1973இல் எழுதினார்கள். விற்பவரை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லாத பண்டங்கள் அவை. பெட்ரோல் அந்த வகையைச் சேர்ந்தது. நாசில் டேங்குக்குள் போகிறது. உள்ளே எவ்வளவு விழுந்தது என்று கண்ணால் காண வழியில்லை. மறுநாள் மைலேஜ் குறைந்தால் காரணம் அளவா, கலப்படமா, காற்று குறைந்த டயரா, பின்னால் ஏற்றிய மூட்டையா என்று பிரித்தறிய முடியாது. இப்போது எத்தனாலும் சேர்ந்துகொண்டது. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருளில் பழைய வண்டிகளின் மைலேஜ் சில விழுக்காடு குறைவது இயல்பு. எல்லாப் பங்குக்கும் பொதுவான இந்தக் குறைவைக்கூட, வாகன ஓட்டி தான் கடைசியாகப் போட்ட பங்கின் கணக்கில் எழுதிவிடுகிறார்.

மாலை வேலை விட்டு வருகிறவர்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் பங்கில் நின்று பார்த்தால் இந்த ஐயம் எப்படிச் செயலாகிறது என்பது தெரியும். வண்டியை ஸ்டாண்டு போட்டு, டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் நூறு ரூபாய்த் தாளோடு ஒருவர் நிற்கிறார். ‘நூத்திப் பத்துக்குப் போடுங்கண்ணே’ என்கிறார். பத்து ரூபாய் நாணயத்தைத் தனியே எடுத்துத் தருகிறார். ‘ஜீரோ பாத்துக்கங்க’ என்று ஊழியர் சொல்கிறார். வாங்குபவரின் பார்வை மீட்டருக்கும் நாசிலுக்கும் மாறி மாறிப் போகிறது. பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கிறார். மீட்டர் நின்ற பின்னும் நாசிலை இரண்டு தட்டுத் தட்டி, கடைசிச் சொட்டு விழுந்த பிறகே மூடியை மூடுகிறார்.

நூறுக்கும் இருநூறுக்கும் மீட்டரில் முன்கூட்டியே ஏதோ செய்து வைத்திருப்பார்கள், நூற்றிப் பத்து என்று கேட்டால் தப்பிக்கலாம் என்பது பரவலான நம்பிக்கை. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. 2017 ஏப்ரலில் உத்தரப் பிரதேசக் காவல்துறையின் சிறப்புப் படை லக்னோ பங்குகளில் சோதனை நடத்தியபோது, அளவைக் குறைக்கும் சிப்புகள் எரிபொருள் வழங்கும் இயந்திரங்களுக்குள் பொருத்தப்பட்டிருந்தது வெளிப்பட்டது. மோசடி சாத்தியம் என்பதை நாடே அறிந்தது. ஆனால் இயந்திரத்துக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு லிட்டரிலும் திருடும் சிப்பு, நூறா நூற்றிப் பத்தா என்று பார்ப்பதில்லை. மக்களின் ஐயம் நியாயமானது. கையில் இருக்கும் கருவிதான் போதாதது. விடியற்காலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அப்படியே. குளிரில் பெட்ரோல் சுருங்கும் என்பது உண்மை; பூமிக்கடியில் புதைத்த தொட்டியில் ஒரே நாளுக்குள் வெப்பநிலை அவ்வளவு மாறுவதில்லை என்பதும் உண்மை.

சட்டம் தரும் கருவி வேறு. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் இயந்திரங்கள் ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரையிடப்பட வேண்டும். தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பு தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் கலன் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை ஏற்றத்தாழ்வு அனுமதிக்கப்படுகிறது. கலப்படத்தை ஐயுற்றால் வடிதாள் (ஃபில்டர் பேப்பர்) சோதனையைக் கட்டணமின்றிக் கேட்கலாம்.

இங்குதான் கீரனூர் போன்ற ஊர்களின் நிலையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2.63 கோடி இருசக்கர வாகனங்கள் இருப்பதாக அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் 2021 ஆகஸ்டில் திருத்திய நிதிநிலை அறிக்கையில் குறிப்பிட்டு, பெட்ரோல் வரியை மூன்று ரூபாய் குறைத்தார். சென்னை விலை 102.49இலிருந்து 99.47க்கு இறங்கியது. நூறு ரூபாய்க்கு ஒரு லிட்டர் என்பது அன்று மீண்டும் கைகூடியது. அடுத்த ஏப்ரலில் அதே நூறு ரூபாய்க்குக் கிடைத்தது 902 மில்லி. நாட்கூலிக்காரர் லிட்டர் கணக்கில் வாங்குவதில்லை, தாள் கணக்கில் வாங்குகிறார். விலை ஏறினால் தாள் மாறாது, அளவுதான் சுருங்கும். ஆனால் சோதனைக் கலனோ ஐந்து லிட்டர். ஐந்து லிட்டரில் இயந்திரம் சரியாக இருப்பது, தொள்ளாயிரம் மில்லியிலும் அதே துல்லியத்தோடு இருப்பதற்கு உறுதியாகாது. தொடக்கத்திலும் முடிவிலும் நேரும் பிழை, வாங்கும் அளவு எதுவானாலும் ஏறத்தாழ மாறாமல் இருப்பதால் சிறு கொள்முதலில் அதன் விழுக்காடு பெருகுகிறது. சட்டமுறை அளவியலுக்கான பன்னாட்டு அமைப்பின் நெறிகளிலேயே ‘குறைந்தபட்ச அளவு’ என்ற வரம்பு இருக்கிறது. அதற்குக் கீழே இயந்திரத்தின் துல்லியத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஆக, மிகக் குறைவாக வாங்கும் ஏழைதான் மிகக் குறைந்த உறுதியோடு வாங்குகிறார். ஐம்பது லிட்டர் நிரப்பும் காருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு அவருக்கு இல்லை.

உரிமை இருந்தும் அதைக் கேட்கும் நிலையில் அவர் இல்லை என்பது அடுத்த சிக்கல். பின்னால் பத்து வண்டி நிற்கும்போது, நூறு ரூபாய்க்குப் போட வந்தவர் ஐந்து லிட்டர் கலனை எடுத்து வரச் சொல்வது எளிதன்று. பிடித்துக் காட்டிய பெட்ரோலைத் திரும்பத் தொட்டியில் ஊற்றிவிடலாம், வாடிக்கையாளருக்குச் செலவில்லை என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும், நாளைக்கும் அதே பங்குக்குத்தான் வர வேண்டும். எனவே அவர் சண்டையிடாமல் விலகிப்போகிறார், பங்கை மாற்றுகிறார். மெக்கானிக்கிடமும் உடன் வேலை செய்பவரிடமும் கேட்டு, ஒரு பங்கை நம்பத் தொடங்குகிறார். அந்த நம்பிக்கை அளந்து பெற்றதன்று. சேர்ந்து பேசி உருவாக்கியது.

லாரியும் டிப்பரும் ஓட்டுபவர்களின் கதை வேறு. அவர்களுக்குக் கடன் வசதி, நிறுவனங்களின் அட்டை, வண்டியை நிறுத்த இடம், குளியலறை ஆகியவையே பங்கைத் தீர்மானிக்கின்றன. பெண் ஓட்டுநர்களுக்கு நல்ல வெளிச்சமும் பெண் ஊழியர்களும் முக்கியம். 1991இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்ற மாவட்டம் புதுக்கோட்டை. இன்று அவர்களின் மகள்களும் பேத்திகளும் ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். அவர்களின் தேர்வைத் தனியே ஆராய வேண்டும்.

தனியார் பங்குகள் போட்டிக்கு வந்தால் எல்லாம் சரியாகும் என்று வாதிடுவோர் உண்டு. 2023இல் தனியார் நிறுவனமான நயரா பொதுத்துறையைவிட ஒரு ரூபாய் குறைத்து விற்றது உண்மைதான். ஆனால் உலக விலை ஏறிய 2022 மார்ச்சில் தனியார் பங்குகள் விற்பனையைச் சுருக்கிக்கொண்டதும் உண்மை. அதைவிட முக்கியமானது ஒன்று: ஒரு ரூபாய் மலிவு என்பது, அளவு சரியாக இருந்தால்தான் மலிவு. அளவை உறுதி செய்யாத விலைப் போட்டியால் நுகர்வோருக்கு நன்மை இல்லை.

ஆகவே கீரனூருக்கு வேண்டியது ஜெர்மனியின் விலைச் செயலி அன்று, அளவைப் பற்றிய வெளிப்படைத் தகவல். ஒவ்வொரு இயந்திரமும் கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட நாளையும் அப்போது கண்ட பிழையையும் தொழிலாளர் துறை வட்ட வாரியாக வெளியிட வேண்டும். அதே விவரம் தமிழில் இயந்திரத்தின் மேல் ஒட்டப்பட வேண்டும். ஐந்து லிட்டர் கலனோடு ஒரு லிட்டர் கலனும் ஒவ்வொரு பங்கிலும் கட்டாயமாக்கப்பட்டு, ஆண்டுச் சோதனை அந்த அளவிலும் நடத்தப்பட வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. விதிகளைத் திருத்தும் அதிகாரம் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையிடம் இருக்கிறது; அங்கே இந்தக் கோரிக்கையைத் தமிழ்நாடு அரசு முன்வைக்க வேண்டும்.