இருபத்தேழு சீட்டும் மூன்று கேள்விகளும்

மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைகள் மிகுதி. நெல் காயும் களத்தின் ஓரத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் சீட்டுக்கட்டு வெளிவருவது என் சிறு வயதில் வழக்கம். அங்கே கணக்கர் ஒருவர் எனக்கு ஒரு வித்தை காட்டினார். 21 சீட்டுகளில் ஒன்றை மனத்தில் நினைத்துக்கொள்ளச் சொன்னார். சீட்டுகளை மூன்று வரிசையாகப் பரப்பி, “உன் சீட்டு எந்த வரிசையில்?” என்று மட்டும் கேட்டார். மூன்று முறை இப்படிக் கேட்டபின், நான் நினைத்த சீட்டையே எடுத்து நீட்டினார்! எப்படி என்றேன். “மலையாள மாந்திரீகம், தம்பி. தப்பாகச் செய்தால் இரத்தம் கக்க வேண்டும்” என்றார். வெட்கத்துடன் சொல்கிறேன், பல ஆண்டுகள் அதை நம்பினேன். அவர் எதிரே வந்தால், மனத்தில் எதையும் நினைக்காமலிருக்க முயல்வேன்.

கணக்கர் விளையாட்டாகச் சொன்ன சொல், ஒரு காலத்தில் ஐரோப்பாவில் உயிரைப் பறிக்கும் சொல். சூனியக்காரிகள் என்று ஏழை மூதாட்டிகளைத் தூக்கிலிட்ட இங்கிலாந்தில், 1584-இல் ரெஜினால்டு ஸ்காட் என்பவர் ஒரு நூல் வெளியிட்டார். சூனியக் குற்றச்சாட்டுகள் வெறும் மூடநம்பிக்கை என்று வாதாடிய அவர், செப்படி வித்தைக்காரர்களின் உத்திகளையும் அதில் விளக்கினார். சீட்டு வித்தைகளும் அவற்றுள் உண்டு. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1593-இல், வெனிஸ் நகரில் ஹொராத்தியோ கலாசோவின் சிறு நூல் வந்தது. கைச் சாமர்த்தியத்தைவிடக் கணக்கையும் நினைவாற்றலையும் நம்பிய சீட்டு வித்தைகள் அதில் இருந்தன. (நம் ஆட்டக்காரர்கள் சொல்லும் ‘கிளாவர்’, ‘ஆட்டின்’ என்ற பெயர்கள், டச்சு மொழியின் ‘கிளாவரன்’, ‘ஹார்ட்டன்’ என்பவற்றோடு எவ்வளவு நெருங்கியவை! 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் டச்சுக்காரர் வசம் இருந்தது.)

வரிசை வித்தையின் கணக்கை முழுமையாக வகுத்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜெர்கோன். பீரங்கிப் படையில் பணியாற்றிப் பின்னர் ஆசிரியரான இவர், தாம் நடத்திய கணித இதழின் 1813–14 தொகுதியில் இதை ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்டவை 27 சீட்டுகள். நினைத்த சீட்டைக் கண்டுபிடிப்பது மட்டுமன்று, பார்ப்பவர் கேட்கும் இடத்துக்கே அதைக் கொண்டுவரவும் முடியும்!

செய்முறையைக் காண்போம். கட்டைக் குப்புறப் பிடித்து, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, மூன்று வரிசைகளில் மாறி மாறி மல்லாத்தி இடுங்கள். நண்பர் வரிசையைக் காட்டியதும், மூன்று வரிசைகளையும் அடுக்கிக் கட்டைத் திரும்பக் குப்புறப் பிடியுங்கள். இதில் ஒரு கவனம் தேவை: ஒவ்வொரு வரிசையிலும் முதலில் இட்ட சீட்டு, இப்போதும் அந்த வரிசைக்கு மேலேயே இருக்க வேண்டும். இதைத் தலைகீழாக்கிவிட்டு, ஒருமுறை வகுப்பு முழுவதும் சிரிக்க நான் விழித்து நின்றதுண்டு.

இனிக் கணக்கு. நண்பர் காட்டிய வரிசையை நடுவில் வைத்தால், அதற்கு மேல் 9 சீட்டுகள் இருக்கும். அடுத்த முறை இடும்போது அந்த 9-உம் மூன்று வரிசைக்கும் பிரிந்து, அவருடைய சீட்டுக்கு மேல் 3 ஆகும். அதற்கடுத்த முறை 1 ஆகும். ஆகவே முதல் அடுக்கலில் மேலே வைக்கும் ஒவ்வொரு வரிசைக்கும் இறுதி மதிப்பு 1, இரண்டாம் அடுக்கலில் 3, மூன்றாவதில் 9. பத்தின் அடுக்குகளுக்குப் பதில் மூன்றின் அடுக்குகள், அவ்வளவுதான். மூன்று விடைகளால் 3 × 3 × 3 = 27 சீட்டுகளைப் பிரித்தறியலாம். 28-ஆவது சீட்டைச் சேர்த்தால், எந்த மந்திரவாதியாலும் மூன்றே கேள்விகளில் உறுதியாகச் சொல்ல முடியாது.

கணக்கரின் 21 சீட்டு வித்தை இதன் எளிய தம்பி. காட்டிய வரிசையை மூன்று முறையும் நடுவில் வைத்தால், சீட்டு 11-ஆம் இடத்தில் வந்து நிற்கும். புதிதாகக் கற்பவர் அதில் தொடங்கலாம்.

என் மாணவர்களிடம் ஓர் எண் கேட்டால், பெரும்பாலும் 7 என்பார்கள். ஆற்றுக்கு அக்கரையில், திருவானைக்காவலில், சர் சி. வி. இராமன் பிறந்த நாள் 1888 நவம்பர் 7 அல்லவா! ஏழாம் இடம் என்றால் மேலே 6 சீட்டுகள் வேண்டும். ஆறு என்பது இரண்டு மூன்றுகள். ஒன்றும் இல்லை, ஒன்பதும் இல்லை. எனவே முதலில் காட்டிய வரிசை மேலே, அடுத்து அடியில், கடைசியில் மேலே. ஆறு சீட்டுகளை எண்ணித் தள்ளிவிட்டு ஏழாவதைத் திருப்புங்கள்.

கணிதமேதை இராமானுஜன் பிறந்தது டிசம்பர் 22. அந்த எண்ணுக்கு எப்படி அடுக்குவது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். விடை: மேல், நடு, அடி.