கோட்டைக்குக் கீழே கோட்டை

ஒசாகா கோட்டையை அழித்தழித்து எழுதப்பட்ட ஒரு பிரதியாகவே நான் வாசிக்கிறேன். 1583இல் ஹிதெயோஷி கட்டத் தொடங்கிய கோட்டை 1615இல் தோகுகவா படைகளிடம் வீழ்ந்தது. வென்றவர்கள் அதை மண் கொட்டி மூடி, மேலே 1620 முதல் தங்கள் கோட்டையை எழுப்பினார்கள். அந்தக் கோபுரமும் 1665இல் இடி விழுந்து எரிந்துபோனது.

இன்று சுற்றுலாக்காரர்கள் லிஃப்டில் ஏறுகிற கோபுரம் 1931இல் எழுந்த கான்கிரீட் கட்டடம். அடித்தளக் கல் தோகுகவாவுடையது. உச்சித்தளம் ஹிதெயோஷி காலத்துச் சாயல். இப்படியொரு கோபுரம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அப்புறம் மீட்டது எதை? நகர மக்கள் கொடுத்த பதினைந்து லட்சம் யென் நன்கொடையில் பாதிக்கு மேல், கோட்டைக்குள் ராணுவத் தலைமையகம் கட்டப் போனது. பழம்பெருமை வசூலித்துக் கொடுத்தது ராணுவத்துக்கு.

பக்கத்திலிருந்த ஆயுதத் தொழிற்சாலை 1945 ஆகஸ்ட் 14 அன்று, சரணடைதல் அறிவிப்புக்கு முந்தைய நாள், அமெரிக்கக் குண்டுவீச்சில் நொறுங்கியது. கோபுரம் தப்பித்தது. 1950களில் அந்த இடிபாடுகளில் ராத்திரியில் இரும்பு பொறுக்கிப் பிழைத்தவர்களில் கொரியர்கள் பலர். போலீஸ் துரத்தியது, பத்திரிகைகள் 'அப்பாச்சி' என்று பெயர் சூட்டின. 1592இல் கொரியாமீது படையெடுத்தவரும் இதே ஹிதெயோஷிதான்.

1959இல் கைகோ தகேஷி இவர்களைப் பற்றி நாவல் எழுதினார். அதே ஆண்டில்தான் ஹிதெயோஷியின் புதைந்த கல்சுவரைத் தோண்டிக் கண்டார்கள். 2025இல் சுவருக்கு அருங்காட்சியகமே திறந்தாயிற்று. தோண்டினால் சுவர் வரலாறாகிறது; இரும்பைத் தோண்டியவன் திருடனாகிறான். எந்த அடுக்கு வரலாறு, எது குப்பை என்று பிரித்து வைப்பது யார்? மறுகட்டமைப்பு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இதைத்தான் கேட்கத் தோன்றுகிறது.