பூஜாங் பள்ளத்தாக்கும் மரபுடைமைப் பாதுகாப்பும்: பதினோராம் சண்டி உணர்த்தும் பாடம்

முன்னுரை

ஏடு ஒன்று அழிந்தால் அதன் படி வேறோரிடத்தில் கிடைக்கக்கூடும். தொல்லியல் களத்திற்கோ படி இல்லை. அது ஒருமுறை அழிந்தால் அதனிடம் கேட்கப்படாத வினாக்களும் உடன் அழிகின்றன. ஒரு நாட்டின் வரலாற்று, பண்பாட்டு மரபுடைமைகளைப் பேணும் பணியின் தேவை இவ்வுண்மையிலிருந்தே எழுகிறது. மலேசியாவில் அப்பணி எவ்விடத்தில் தளர்கின்றது என்பதைக் கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஏட்டுக் கடாரமும் மண்ணிலுள்ள கடாரமும்

தமிழர் கடாரத்தைப் பெரும்பாலும் எழுத்துச் சான்றுகளின் வழியே அறிவர். 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைப் போற்றும் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியும், நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் பெயரால் எழுந்த புத்த விகாரத்திற்கு வழங்கப்பட்ட கொடையைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேடுகளும் அவற்றுள் தலையாயவை. மண்ணிலுள்ள சான்றுகள் ஜெராய் மலையைச் சூழ்ந்தும் மெர்போக், மூடா ஆறுகளையொட்டியும் பரவியுள்ளன.

1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் இப்பகுதியில் ஏறத்தாழ முப்பது களங்களை ஆராய்ந்து எண்ணிட்டு, 1940இல் தம் முடிவுகளை வெளியிட்டார். புக்கிட் பத்து பகாட் சண்டியை 1959-60இல் அலஸ்டர் லேம்ப் மீண்டும் அகழ்ந்து சீரமைத்தார். அது தன் இடத்திலேயே நிற்கிறது. பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் முதலிய இடங்களிலிருந்த சண்டிகளோ பெயர்க்கப்பட்டு மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் மீளமைக்கப்பட்டன. அவற்றின் கட்டடம் காக்கப்பட்டது. நிலத்தோடு அதற்கிருந்த தொடர்பு அறுந்தது. காத்தலிலும் ஓர் இழப்பு உண்டு என்பதை இது காட்டுகிறது.

சட்டமும் நடைமுறையும்

வேல்ஸின் பட்டியலில் பதினோராம் எண் பெற்ற சண்டி, வீடமைப்புத் திட்டத்திற்காக நிலம் சீர்செய்யப்பட்டபோது இடிக்கப்பட்டது. 2013 டிசம்பரில் இச்செய்தி வெளிவந்து நாட்டை உலுக்கியது. அந்நிலம் தனியாருக்குரியது, சண்டி மரபுடைமையாக அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை.

சட்டம் இல்லாமையால் இது நிகழவில்லை. 1976ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்திற்கு மாற்றாக 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் 2006 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. மரபுடைமைப் பாதுகாப்பு 2005இல் கூட்டரசு, மாநிலப் பொதுப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. ஆயினும் நிலம் மாநில அதிகாரத்திற்குட்பட்டதாகவே உள்ளது. சட்டத்தின் முழுப் பாதுகாப்பு, முறைப்படி அறிவிக்கப்பட்டுப் பதிவேட்டில் இடம்பெற்ற களத்திற்கே உரியது. ஆய்வாளரின் பட்டியலில் முக்கால் நூற்றாண்டாக இருந்த ஓர் எண் அப்பதிவேட்டைச் சென்றடையவில்லை. ஆய்வுலகம் அறிந்ததை ஆட்சித்துறை ஏடு அறியாதிருந்த அவ்விடைவெளியிலேயே சண்டி மறைந்தது.

இழப்பின் அளவு

இழந்தது எத்தகையது என்பதைப் புக்கிட் சோராஸ் உணர்த்துகிறது. 1930களில் வேல்ஸ் ஆராய்ந்த அக்களமும் நெடுங்காலம் பெரிதும் கவனிக்கப்படாதிருந்தது. ஆனால் அது அழியாமல் எஞ்சியது. 2023, 2024ஆம் ஆண்டுகளில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கு நடத்திய அகழாய்வில் ஆளுயரப் புத்தர் சுதைச் சிற்பங்கள் வெளிப்பட்டன. முன்னரே ஆராயப்பட்ட களமும் புதிய கேள்விக்குப் புதிய விடை தரும். பதினோராம் சண்டியிடம் அவ்வாறு கேட்கும் வாய்ப்பு இனி இல்லை.

முடிவுரை

இப்பொறுப்பை அரசின்மீது மட்டும் சுமத்துதல் பொருந்தாது. வகுப்பறையில் நாம் கடாரத்தைப் பெரும்பாலும் ஒரு வெற்றிச் செய்தியாகவே கற்பித்து வந்துள்ளோம். வென்றவன் பெயரை அறிந்த மாணவர் பலர் மெர்போக்கை அறியார். பௌத்தமும் சைவமும் உள்ளூர் மக்களின் உழைப்பும் கலந்த இக்களங்களை ஓர் இனத்தின் உடைமையாகப் பேசுவதும் அவற்றின் பாதுகாப்பிற்குத் துணைசெய்யாது. அவை இந்நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியவை.

செய்யத்தக்க பணி தெளிவானது. ஆய்வேடுகளிலுள்ள களப் பட்டியலை நில அலுவலக வரைபடத்தோடு ஒவ்வொன்றாகப் பொருத்துதல் வேண்டும். மேம்பாட்டு அனுமதிக்கு முன்னரே அது பார்க்கப்படல் வேண்டும். இருப்பிடத்தை ஆய்வாளர் மட்டுமே அறிந்த களம் காக்கப்பட்ட களமாகாது.