பாடசாலைக் கட்டடமும் அரசின் கடப்பாடும்

இலங்கையில் 1870 முதல் உதவி நன்கொடை மாணவரின் பரீட்சைப் பெறுபேற்றைக் கொண்டே அளவிடப்பட்டது. எனவே கட்டடம் எழுப்புதலும் பேணுதலும் பெரும்பாலும் முகாமையாளரின் சுமையாயின. மிஷனரிமாரும் சைவ, பௌத்த, இஸ்லாமியச் சங்கங்களும் நிதி திரட்டிப் பாடசாலைகளைக் கட்டினர். 1945இல் வந்த இலவசக் கல்வி, அத்திட்டத்தில் அமைந்த பாடசாலைகளிற் கட்டணத்தை நீக்கிற்று. கட்டடங்களின் உடைமையை மாற்றவில்லை.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசின்பாற் கொணர்ந்தன. ஊரார் எழுப்பிய சுவர்கள் அரசின் உடைமையாயின. அவற்றைப் பேணும் கடப்பாடும் அரசினதாயிற்று. 1987இல் 13ஆம் திருத்தம் அக்கடப்பாட்டை மத்திக்கும் மாகாணங்களுக்கும் பகிர்ந்தது.

ஆயினும், ஒழுகும் கூரையைத் திருத்தப் பெற்றோரையும் பழைய மாணவரையும் நாடும் வழக்கு ஒழியவில்லை. வசதியுள்ள ஊர் நிதி திரட்டும். வறிய ஊர் எதனைத் திரட்டும்? உடைமையை ஏற்ற அரசு பேணுதற் செலவையும் முற்றாக ஏற்கும்போதே இலவசக் கல்வி நிறைவுறும்.