சதுர அடி என்னும் மாயக்கணக்கு

வீடு கட்டப் புகும் எவரும் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு என்ன செலவாகும்?" என்பதே. எளிய கேள்விதான், ஆயினும் அதற்குள் ஒரு மயக்கம் ஒளிந்திருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள அமெரிக்க வீட்டின் அறுபதாண்டு வரலாறு நமக்கு உதவும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பியபோது, அமெரிக்காவில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1947-இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில், லெவிட் நிறுவனம் வீடுகளை எழுப்பத் தொடங்கியது. 1951-க்குள் அவை 17,447 ஆயின. லெவிட்டவுன் எனப் பெயர்பெற்ற அவ்வூரின் தொடக்ககால வீடு 25 அடிக்கு 30 அடி. 750 சதுர அடிதான். நிலவறை தோண்டாமல் கான்கிரீட் தளமிட்டு, அதனுள் செப்புக் குழாய்களைப் பதித்து வெந்நீரை ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கினர். கட்டுமானத்தை 27 படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஒரே வேலையை வீடு வீடாகச் சென்று செய்தது. கார்த் தொழிற்சாலையில் வண்டி நகர்ந்தது; இங்கே ஆட்கள் நகர்ந்தார்கள். கூரைக்கடியில் ஒரு மாடி முடிக்கப்படாமலே விடப்பட்டது. குடும்பம் பெருகினால் அறையாக்கிக்கொள்ளலாம்.

சிறிய அளவு மலிவைத் தந்தது. ஆனால் அம்மலிவு அனைவருக்குமானதன்று. தொடக்க ஒப்பந்தங்கள் வெள்ளையரல்லாதார் குடியிருப்பதை வெளிப்படையாகவே தடைசெய்தன. அதே போரில் பங்குகொண்டு திரும்பிய கறுப்பின வீரருக்கு அங்கே இடமில்லை. இவ்வரலாற்றைச் சொல்லும்போது இதை விட்டுவிட நமக்கு உரிமையில்லை.

இனி அந்த மயக்கத்துக்கு வருவோம். அந்த 750 சதுர அடி வீட்டின் சுற்றளவு 110 அடி. சுவரின் உயரம் 8 அடி என்றும், கூரை தட்டையானது என்றும் கொண்டால், சுவரும் கூரையும் சேர்ந்து 1,630 சதுர அடி. வெப்பம் வெளியேறுவது பெரும்பாலும் இப்புறப்பரப்பின் வழியே. கட்டுமானப் பொருளில் பெரும்பங்கைத் தின்பதும் அதுவே. மேலே இன்னொரு முழுத்தளம் எழுப்பினால் புழங்குமிடம் இரட்டிப்பாகி 1,500 ஆகிறது. புறப்பரப்போ 2,510 மட்டுமே. கூரை அதே கூரை, அடித்தளம் அதே பரப்பு, சமையலறையும் ஒன்றே. ஆகவே சதுர அடிக்கான செலவும் எரிபொருளும் குறைகின்றன. பெரிய வீடே சிக்கனம் என்ற தோற்றம் பிறப்பது இங்கேதான். ஆனால் குடும்பம் கடனடைப்பதும் எண்ணெய் எரிப்பதும் மொத்த வீட்டுக்கு. அந்த மொத்தப் புறப்பரப்பு 54 விழுக்காடு கூடிவிட்டதே!

1950-இல் அமெரிக்காவில் கட்டப்பட்ட புதுவீட்டின் சராசரி அளவு 983 சதுர அடி. 2007-இல் அது 2,500-ஐத் தாண்டியது. இதே காலத்தில் ஒரு வீட்டில் வாழ்வோரின் சராசரி எண்ணிக்கை 3.4-இலிருந்து 2.6 ஆகச் சுருங்கியது. ஆள் குறைய, அறை கூடியது.

இடையில் 1973-இன் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1978-இல் கலிஃபோர்னியா கட்டடங்களுக்கான எரிசக்தி விதிகளை வகுத்தது. சுவர்களில் வெப்பக்காப்பு தடித்தது, சன்னல்கள் இரட்டைக் கண்ணாடி பூண்டன, கொதிகலன்கள் திறன்பெற்றன. விளைவு? அமெரிக்க அரசின் 2009-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 2000-க்குப் பின் கட்டப்பட்ட வீடுகள் பழையவற்றைவிடச் சராசரியாக 30 விழுக்காடு பெரியவை. அவை செலவிட்ட எரிசக்தியோ 2 விழுக்காடுதான் கூடுதல். பொறியியலின் வெற்றி என்று இதைப் போற்றலாம். ஆனால் அவ்வீடுகள் பெருக்காமல் இருந்திருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய சேமிப்பைத்தான் கூடுதல் அறைகள் விழுங்கின என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

நம் ஊர்களிலும் இன்று அதே சதுர அடிக் கேள்விதான் முதலில் ஒலிக்கிறது. அதற்கு முன்பாக, "எத்தனை பேருக்கு?" என்று கேட்டுப் பார்க்கலாம். முடிக்காமல் விட்ட அந்தப் பழைய மாடியிடம், இவ்வொரு வகையிலாவது, நாம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது.