பரீட்சையும் மானியமும்

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டங்களுக்கிடையே ஓய்வுக்காலத்தைக் கழித்துவரும் நான், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்தவன். பரீட்சை ஆசிரியனை எவ்வாறு ஆட்டிவைக்கும் என்பதை, ஒரு பழைய வரலாற்றைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

1822-இல் கவர்னர் தாமஸ் மன்றோ நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். 1826-இல் தொகுத்த கணக்கின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். திண்ணை வாத்தியாருக்குப் பெற்றோர் அளந்த நெல்லும் கொடுத்த காசுமே ஊதியம். பிள்ளைக்குக் கணக்கு வருகிறதா, ஓலை வாசிக்க வருகிறதா என்பதை ஊராரே அறிந்துகொண்டனர். (அங்கும் மனப்பாடமும் பிரம்படியும் மிகுதிதான், அதை மறைப்பானேன்?)

பிறகு வந்தது அரசாங்க மானியம். இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ ஒரு விதி வகுத்தார். பிள்ளை ஒன்றுக்கு 12 ஷில்லிங். அதில் 4 ஷில்லிங் வருகைக்கு. எஞ்சிய எட்டும், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் அப்பிள்ளை தேறினால்தான். தவறிய பாடம் ஒவ்வொன்றுக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. விளைவு என்ன? பிள்ளைகள் ஒரே வாசகப் புத்தகத்தை நெட்டுருப் பண்ணி ஒப்பிக்கின்றனர் என்று, இன்ஸ்பெக்டராயிருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டே தம் அறிக்கைகளில் வருந்தினார்.

'பலனுக்கேற்ற மானியம்' என்னும் இம்முறை, அப்பத்தாண்டிலேயே நம் மாகாணத்துக்கும் கப்பலேறி வந்தது. 1882-இல் அமைந்த ஹண்டர் கமிஷனும் தொடக்கப் பள்ளிகளுக்கு அதனையே ஆதரித்தது. கர்சன் பிரபு காலத்து 1904-ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானத்தை ஒட்டித்தான் அது ஒழிந்தது.

ஒழிந்ததா? என் காலத்தில் மானியத்தின் இடத்தைத் தேர்ச்சி விழுக்காடு பிடித்துக்கொண்டது. விழுக்காடு குறைந்தால் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் கூறவேண்டும். 'மெல்லக் கற்போர்' என்று சிலரைப் பிரித்து, மாலையில் வைத்து, வினா விடைகளை உருப்போடச் செய்தோம். அவர்களுள் ஒருவன் தோட்டக் கூலியாளின் மகன். பென்னிகுயிக், பெரியாற்று அணை, 1895 என்று தடையின்றி ஒப்பிப்பான். ஒருநாள், "தம்பி, உங்கள் வயலுக்கு வருகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்றேன். விழித்தான். முல்லையாற்றில் நாள்தோறும் குளிப்பவன்! அவன் 35 மதிப்பெண் பெற்றுத் தேறினான், நாங்கள் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சியை எண்ணினால் இன்றும் எனக்கு நாணமாயிருக்கிறது.

பதினோராம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே ஈராண்டும் நடத்திய பள்ளிகள் பல. அதற்கு மருந்தாக 2017-18-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. ஓர் உருப்போடுதல் இரண்டாயிற்று. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வை நீக்கியது. இப்பொழுது பதினோராம் வகுப்புப் புத்தகம் எந்த மாதத்தில் மூடப்படுகிறது என்று, ஆசிரியர்களாயுள்ள என் பழைய மாணாக்கரைக் காணுந்தோறும் கேட்டு வருகிறேன்.