ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்

1925இல் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி வண்டியின் பின்புறம் ஒரு சிறிய இரும்புத் தொட்டியைப் பொருத்தி 281 டாலருக்கு விற்கத் தொடங்கியது. தொழிற்சாலையிலிருந்தே முழு வண்டியாக வெளிவந்த ஃபோர்டின் முதல் பிக்கப் அதுதான். எஞ்சின் மிஸ்ஸிங் அடித்தால் கொண்டுபோய்க் காட்ட, வாங்கிய விவசாயிக்குப் பட்டறை பக்கத்தில் இருக்காது. அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதை ஃபோர்டின் கையேடு எழுதியே கொடுத்தது.

அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் மரப்பெட்டிக்குள் அடைத்த ஒரு காயில். காயிலின் தலையில் ஒரு மெல்லிய எஃகுத் தகடு ரீங்காரமிட்டுத் துடிக்கும். அது துடித்தால்தான் பிளக்கில் தீப்பொறி. எஞ்சின் ஓடும்போதே 1, 4 ஆகிய இரண்டு தகடுகளையும் விரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னது கையேடு. மிச்சமுள்ள இரண்டும் சீராக வெடித்தால் கோளாறு 1இலோ 4இலோ இருக்கிறது. பிறகு 4ஐ மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் பிடிக்க வேண்டும். அது ஒழுங்காக ஓடினால் குற்றவாளி 1. கருவி எதுவும் கிடையாது. விரலும் காதும் போதும்.

நான் தொழில் பழகியது நாமக்கல்லில், லாரிப் பட்டறையில். அங்கே எல்லாமே டீசல்; பிளக்கும் இல்லை, காயிலும் இல்லை. ஆனால் எஞ்சின் நின்ற இடத்தில் உதறினால் எங்கள் மேஸ்திரி முதலில் கையில் எடுப்பது ஸ்பேனரைத்தான். ஓடும் எஞ்சினில் பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொரு சிலிண்டராக லேசாகத் தளர்த்துவார். டீசல் வெளியே கசியும். அந்தச் சிலிண்டர் அடங்கும். "ஒவ்வொண்ணா நிறுத்திப் பாரு தம்பி. நிறுத்துனா சத்தம் மாறோணும். மாறலீன்னா அதுலதான் கோளாறு" என்பார். ஃபோர்டு கையேட்டை அவர் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவர் சொன்ன வழியும் கையேடு சொன்ன வழியும் ஒன்றே.

பிழைப்பு என்னை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. இங்கே என்னிடம் இருப்பது 1988ஆம் வருடத்து ஃபோர்டு எஃப்-150 பிக்கப். வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர், 4.9 லிட்டர் எஞ்சின். 300 கன அங்குலம் என்பதால் இந்த ஊர்க்காரர்கள் இதை 'த்ரீ ஹண்ட்ரட்' என்பார்கள். 1965இல் வந்து 1996 வரை பிக்கப்புகளில் ஓடிய எஞ்சின் இது. ஐடிலிங் கோளாறைக் கண்டுபிடிக்கும் தொழில் எப்படியெல்லாம் மாறியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இதன் ஆயுளுக்குள் கார்புரேட்டரும் வந்து போனது, கணினியும் வந்தது.

முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த எஞ்சின் கார்புரேட்டரில் ஓடியது. அப்போது அமெரிக்கப் பட்டறைகளில் 'டியூன்-அப்' என்பது தனித் தொழில். பிளக், பாயிண்ட், கண்டென்சர் மாற்றுவது, டைமிங் வைப்பது, கார்புரேட்டரில் காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தைத் திருகி ஐடிலிங்கைச் சீராக்குவது. பெரிய பட்டறைகளில் சன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் அலைக்காட்டிகள் ஆளுயரத்துக்கு நின்றன. ஆறு சிலிண்டரின் தீப்பொறியும் திரையில் வரிசையாகத் தெரியும். சிறிய பட்டறைக்காரனுக்கு ஒரு வேக்குவம் கேஜ் போதுமாக இருந்தது.

அந்தக் கேஜைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றுக் குழாயில் ஒரு ரப்பர் ஹோஸை மாட்டினால், பிஸ்டன்கள் எவ்வளவு பலமாக உறிஞ்சுகின்றன என்று முள் காட்டும். கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் நல்ல எஞ்சின் நின்று ஓடும்போது 17 முதல் 21 அங்குலம் வரை ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். ஆயிரம் அடி ஏறினால் ஓர் அங்குலம் குறையும். அது கோளாறு அல்ல. முள் அசையாமல், ஆனால் தாழ்வாக நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கிறது, அல்லது எங்கோ காற்று புகுகிறது. தாளம் தவறாமல் ஒரே இடைவெளியில் பின்னுக்கு வெட்டினால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. மெதுவாக அங்குமிங்கும் அலைந்தால் கலவை சரியில்லை. நாடி பார்ப்பது போன்ற வேலை அது.

இந்த அமைதியைக் குலைத்தது ஒரு சட்டம். 1970 டிசம்பர் 31 அன்று அதிபர் நிக்சன் தூய காற்றுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1975 மாடல் கார்களில் கார்பன் மோனாக்சைடும் எரியாத எரிபொருளும் 90 சதவீதம் குறைய வேண்டும் என்றது சட்டம். பெட்ரோல் வண்டி அதிகம் புகையும் நேரங்களில் ஒன்று அது நின்று ஓடும் நேரம். ஆகவே ஐடிலிங் திருகு இனி மெக்கானிக்கின் விருப்பத்துக்கு உரியதாக இல்லை. முதலில் அதிகம் திரும்பாதபடி பிளாஸ்டிக் மூடி மாட்டினார்கள். பிறகு உலோக அடைப்பு வைத்தே மூடினார்கள்.

எஃப்-150 என்ற வண்டி பிறந்ததற்கே இந்த விதிகள்தான் காரணம். மொத்த எடை 6,000 பவுண்டுக்குள் இருந்த பிக்கப்புகளை அன்றைய கட்டுப்பாடு பிடித்தது. 1975இல் ஃபோர்டு அந்தக் கோட்டைச் சற்றே தாண்டிய எடையில் எஃப்-150ஐக் கொண்டுவந்தது. புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றி வேண்டாம், ஈயம் கலந்த பெட்ரோலே போதும். ஆனால் அந்த விலக்கு நெடுநாள் நிலைக்கவில்லை.

விதிகளை நிறைவேற்ற எஞ்சின் மேல் புதுப்புது உறுப்புகள் ஏறின. கிராங்க் பெட்டியின் ஆவியைத் திரும்ப உள்ளே அனுப்பும் பிசிவி வால்வு முன்பே இருந்தது; அதோடு எரிந்த புகையில் ஒரு பங்கைத் திருப்பி விடும் ஈஜிஆர் வால்வு, இவற்றை இயக்க ஏகப்பட்ட மெல்லிய வேக்குவம் ஹோஸ்கள். ஒவ்வொரு ஹோஸும் காற்று புக ஒரு புது வழி. பழைய பிக்கப்பின் ஐடிலிங் ஏறி இறங்குகிறது என்றால் இன்றைக்கும் முதல் சந்தேகம் வெடித்த ஹோஸ் மீது விழுவதன் வரலாற்றுக் காரணம் இதுதான்.

ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கும் பழைய சோதனைக்கும் எல்லை வந்தது. வினையூக்கி மாற்றி உள்ள வண்டியில் ஒரு சிலிண்டரை நெடுநேரம் நிறுத்தி வைத்தால், எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷனில் பிளக் ஒயரைப் பிடுங்கி அந்தரத்தில் விட்டால் மாட்யூல் போகும், கையிலும் அடிக்கும். ஒயரை எர்த் செய்து, சில விநாடி மட்டும் பார்க்க வேண்டும்.

1987இல் 300 எஞ்சின் கார்புரேட்டரைக் கைவிட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. ஐடிலிங்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஈஈசி-4 என்ற கணினிக்குப் போனது. திராட்டில் மூடியிருக்கும்போது அதைச் சுற்றி எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதை ஒரு சிறு வால்வு மூலம் அது தீர்மானிக்கும். கோளாறையும் அதுவே சொல்லும். பானட்டுக்கு அடியிலுள்ள சோதனைக் கனெக்டரில் ஒரு துண்டு ஒயரைச் சொருகி, முள் உள்ள பழைய வோல்ட் மீட்டரை மாட்டினால் முள் எகிறி எகிறி விழும், எண்ணிக்கொள்ள வேண்டும். எஞ்சின் ஓடும்போது சோதித்தால் முதலில் மூன்று துள்ளல்: ஆறு சிலிண்டர் என்பதற்கான அடையாளம். பிறகு ஒரு துள்ளல், சற்று நிறுத்தி இன்னொன்று: 11, எல்லாம் சரி. ஒன்றும் இரண்டும் வந்தால் 12: ஐடிலிங்கைத் தேவையான அளவுக்கு உயர்த்த முடியவில்லை.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். எண் வந்ததும் கடைக்கு ஓடி வால்வை மாற்றுகிறார்கள். கணினி சொல்வது தனக்குத் தெரிந்த அறிகுறியை, காரணத்தை அல்ல. என் வண்டியில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கெட்டைப் பகிர்ந்து நிற்கின்றன. ஆண்டுக்கணக்கான சூட்டில் அந்தக் கேஸ்கெட் விட்டுவிட்டால் கூடுதல் காற்று உள்ளே புகும். இந்தக் கணினி காற்றை நேரடியாக அளப்பதில்லை. குழாயின் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுகிறது. அழுத்தம் கூடியதைப் பார்த்துப் பெட்ரோலையும் கூட்டும். வேகம் ஏறும். வால்வை முழுக்க மூடியும் இறங்காவிட்டால், வண்டி சரிவில் உருள்கிறது என்று எண்ணிப் பெட்ரோலை வெட்டும். வேகம் விழும், மறுபடி பெட்ரோல், மறுபடி ஏற்றம். நாமக்கல்லில் 'ஹண்டிங்' என்று நாங்கள் சொன்ன அதே ஏற்ற இறக்கம்.

இதைப் பிடிக்கவும் மேஸ்திரியின் வழிதான். ஹோஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நசுக்க வேண்டும். எதை நசுக்கியதும் ஐடிலிங் அமைதியாகிறதோ அதில் ஓட்டை. எதை நசுக்கியும் மாறாவிட்டால் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். ஐடிலிங் வால்வின் கனெக்டரைக் கழற்றினால் நல்ல எஞ்சின் வேகம் குறையும் அல்லது நின்றுவிடும். எதுவுமே மாறவில்லையா? வால்வு சிக்கியிருக்கிறது, அல்லது காற்று வேறு வழியில் வருகிறது. சூடான எஞ்சினில் எரியக்கூடிய ஸ்பிரேயை அடித்துக் கசிவு தேடுவதை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை, தீப்பிடிக்கும்.

1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் கணினி முறை கட்டாயமானது. கிராங்க் ஷாஃப்ட் சுழலும் வேகம் எந்தச் சிலிண்டரின் முறையில் தளர்கிறது என்று கணினியே கவனித்து, பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0306 என்றால் ஆறாவது என்று பெயர் சொல்லிவிடும். 300 எஞ்சின் எஃப்-150இல் வந்த கடைசி மாடலும் அதே 1996தான்.

நம் ஊர் ஐ.டி.ஐ.களில் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்கேனர் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். அது கட்டாயம் வேண்டும். அதற்கு முன்னால் மாணவனை ஓடும் எஞ்சின் பக்கத்தில் நிறுத்தி, ஒரு சிலிண்டரை நிறுத்தினால் சத்தம் எப்படி மாறுகிறது, வேக்குவம் முள் எப்படி விழுகிறது என்று காட்டுங்கள். ஸ்கேனர் எந்தச் சிலிண்டர் என்று சொல்லும். பிளக்கா, இன்ஜெக்டரா, வால்வா, கேஸ்கெட்டா என்று சோதித்துப் பார்த்த பிறகே வண்டிக்காரரிடம் பாகத்துக்குக் காசு கேட்க வேண்டும்.